ஹலோவுக்குப் பிறகு

"ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு" என்று சொல்லிவிட்டு ரஜிதன் இடது காதைச் சாய்த்துக் கேட்பான். வலது காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கர்ச் சத்தத்துக்குப் பஞ்சு வைத்துக்கொள் என்று பலமுறை சொல்லிவிட்டேன், வைக்கமாட்டான். மைக்கை ஒருதரம் விரலால் சுண்டுவான். பிறகு இறங்கிவந்து, தோளில் வயர்ச் சுருளோடு அம்பிளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பான். மேடையில் ஏறிப் பாடுகிறவர்கள் வேறு ஊர்க்காரர்.

எங்கள் ஊர் மல்லாவியில் அவன் 'ஸ்பீக்கர் ரஜி'. கல்யாணவீடு, செத்தவீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவான். ஜெர்மனியிலும் சுவிசிலும் அவன் 'செம்புழுதி' என்ற றொக் இசைக்குழுவின் பாடகன். வயலில் யானை கலைக்கத் தகரத்தில் அடிக்கிற அடிதான் அவர்களுடைய முதற்பாட்டின் தாளம். தமிழ் தெரியாத ஐயாயிரம் பேர் அதற்குத் துள்ளியதைப் போனில் காட்டினான். நான் ஆஸ்பத்திரியில் நோயாளர் பராமரிப்புப் பழகியவள். முன்வரிசையில் ஒருவனுக்கு வலிப்பு என்றே நினைத்தேன்.

ஊரில்தான் மேடையில்லை. வருடாவருடம் பிள்ளையார் கோவில் திருவிழாவில் ஒரேயொரு பாட்டுக்கு இடம் கேட்பான். கோவில் தலைவர் மயில்வாகனத்தாரின் பதிலும் வருடாவருடம் ஒன்றுதான். "நீர் ஸ்பீக்கரைக் கட்டும். யானை கலைக்கிறதை வயலில வச்சுக்கொள்ளும்."

ரஜிதன் கோபிப்பதில்லை. "ஓம் ஐயா. ரெண்டு பொக்ஸ் போதுமோ?" என்பான்.

கோபமெல்லாம் தாய் அமராவதிக்குத்தான். பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அவரைப் பராமரிப்பது நான்தான்; காலையில் போய்ப் புரட்டிவிட்டு முதுகு துடைத்துவிடுவேன். கோவில் இரண்டு வேலி தள்ளித்தான். தாய்க்குக் கேட்கட்டும் என்று ஒரு ஸ்பீக்கரை எப்போதும் வீட்டுப்பக்கம் திருப்பிக் கட்டுவான். "ஏழு வருசமா என்ர பிள்ளை ஹலோ எண்டு மட்டும் சொல்லுறான். மிச்சத்தை எப்ப சொல்லப்போறானாம்?" என்று என்னிடம் கேட்பார்.

இந்த வருடம் சுவிசிலிருந்து மயில்வாகனத்தாரின் மகள் பிரேமிளா போன் எடுத்தாள். 'செம்புழுதி' பார்க்கப் போய், ரிக்கெற் முடிந்து, குளிருக்குள் வாசலோடு திரும்பினாளாம். "உங்களுக்கென்னப்பா, பாடுறவனைப் பக்கத்து வளவுக்குள்ள வச்சிருக்கிறியள்" என்றாளாம். மூன்றாம் நாள் திருவிழா நோட்டீசில் குழுவின் பெயர் ஏறியது.

திருவிழாவன்று பின்னேரம் அமராவதியைத் தலையணையில் சாய்த்து இருத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன். ரஜிதன் மேடையேறினான். ஹலோ சொன்னான், சுண்டினான், இறங்கினான். பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். அறிவிப்பாளர் 'செம்புழுதி' என்று இரண்டுதரம் கூப்பிட்டார். யார் வரப்போகிறார்கள் என்று சனத்தோடு சனமாக அவனும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரம்சுக்குப் பின்னால் இருந்த நிரஞ்சன் எட்டிப்பார்த்து, "டேய், எங்களைத்தான்ரா" என்றான்.

ரஜிதன் வயர்ச் சுருளைக் கழற்றினான். வைக்க இடம் தேடிவிட்டு, பக்கத்தில் நின்ற மயில்வாகனத்தாரிடம், "கொஞ்சம் பிடியுங்கோ ஐயா" என்று கொடுத்தான். பிறகு பெட்டிக்குக் குனிந்து, வீட்டுப்பக்கத்து ஸ்பீக்கரின் குமிழை மட்டும் இன்னும் ஒரு கோடு கூட்டிவிட்டு, மேடையில் ஏறினான்.