தேசம்மா படகின் பின்பலகை

மந்தைவெளியிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் மீன் வாங்க வருகிறவர்களுக்கு தேசம்மாவைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: விலையில் இறங்க மாட்டாள், கெட்ட மீனை விற்க மாட்டாள். செவுளைத் தூக்கிக் காட்டி, "நல்லா பாத்துக்கோ. அப்பால வந்து என்னாண்ட சண்டை வெச்சிக்காத" என்பாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு படகு இருப்பது குப்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

கோவளத்தில் பிறந்து நொச்சிக்குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் வேதநாயகம் கடலிலிருந்து திரும்பும்போது, கரையிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில், படகு கவிழ்ந்து செத்துப்போனான். நடுக்கடலில் போயிருந்தால் கடலைத் திட்டித் தீர்த்திருப்பாள். கண் முன்னால் போனதால் யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. படகில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போது மகன் பாரத் ஆறாம் வகுப்பு.

படகை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. வேதநாயகத்தோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த பாலு சில வருஷம் அதை ஓட்டினான். பிறகு அவன் தனக்கென்று ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டான். அதுவும் இதுவும் ஒரே பட்டறையில், ஒரே அச்சில், ஒரே வருஷத்தில் வார்த்த பைபர் படகுகள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெயிண்டை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். அதன் பிறகு தேசம்மாவின் படகு மணலிலேயே கிடந்தது. மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும், காயும், மறுபடி தேங்கும்.

பாரத்தை பி.காம் படிக்க வைத்தாள். பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கழுத்தில் அடையாள அட்டையோடு அவன் பஸ் ஏறப் போகும்போது, மீன் வெட்டுகிற கத்தியை நிறுத்திவிட்டு அவன் முதுகு மறைகிறவரை பார்ப்பாள். இரண்டாம் வருஷம் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். தி. நகர் சந்துகளில் சாப்பாட்டுப் பையைச் சுமந்து பைக் ஓட்டினான். ஒரு நாள் அதையும் விட்டுவிட்டு வந்து நின்றான்.

"நம்ம போட்டு சும்மாதானேம்மா கீது?"

"சும்மா கெடக்கட்டும். அது உன்னாண்ட சோறா கேக்குது?"

"நான் கடலுக்குப் போறேன்."

பக்கத்துக் கடை தங்கபுஷ்பம் சிரித்தாள். "விடு தேசம்மா. பட்டதாரி புடிச்ச மீனுன்னு சொல்லி டபுள் வெலைக்கு விக்கலாம்."

தேசம்மா சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் சண்டை நடந்தது. அவள் பேசிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் கோவளத்து மாமன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு அவுட்போர்டு எஞ்சினை பாரத் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது, அவள் சண்டையை விட்டுவிட்டாள்.

அந்தப் படகு அவுட்போர்டுக்காகச் செய்தது இல்லை. முன்பு அதில் நுனியில் விசிறியோடு நீளக் கம்பி வைத்த டீசல் எஞ்சின் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. புது எஞ்சினைப் படகின் பின்பக்கச் சுவரில், அவர்கள் பின்பலகை என்று சொல்கிற இடத்தில், வெளிப்புறமாக மாட்ட வேண்டும். பைபர் வேலை செய்கிற ஜைத்தை ராயபுரத்திலிருந்து கூட்டி வந்தான் பாரத்.

ஜைத் படகைச் சுற்றி வந்து பார்த்தான். "பலகை ஒசரமா கீது. எஞ்சின் தண்ணிய எட்டாது. நடுவுல வெட்டி எறக்கலாம். ஆனா கரைக்கு வரச்சொல்லோ பின்னாலருந்து அலை வந்தா அந்த வெட்டு வழியா உள்ள பூந்துரும்."

"வெட்டாத" என்றாள் தேசம்மா. யாரும் அவளிடம் யோசனை கேட்டிருக்கவில்லை.

"அப்போ வெளிய இரும்பு பிராக்கெட் போட்டு அதுல எஞ்சினைத் தொங்க வுடலாம்கா. ஆனா ஒன்னு. எஞ்சினோட கனம், ஒதை எல்லாம் இந்தப் பலகை தலையிலதான். பலகை உள்ள எப்டி கீதுன்னு பாக்கணும்."

போல்ட்டும் நட்டும் வாங்க பாரத் பாரீஸ் கார்னருக்குப் போனான். ஜைத் டிரில்லரை எடுத்துப் பின்பலகையின் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டான். பைபர் தோலுக்கு வெள்ளைத் தூள் பறந்தது. அடுத்தது மரத்தூள் வர வேண்டும், உள்ளே பிளைவுட். வரவில்லை. டிரில்லர் வெண்ணெயில் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்ததும் ஓட்டையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. சாக்கடை அடைப்பு எடுக்கும்போது வருகிற நாற்றம்.

ஜைத் விரலை விட்டுத் தோண்டினான். ஈரமான கறுப்புச் சக்கைதான் வந்தது.

"இன்னாது?"

"மொத்தமும் ஊறிப் போய் கீதுக்கா. தோலுதான் நிக்குது. எஞ்சினை மாட்டி வேகமா ஓட்டினா பின்னாடி அப்டியே பிச்சிக்கினு போயிரும்."

தேசம்மா அந்தச் சக்கையைக் கையில் வாங்கிப் பிசைந்தாள். பயம் வர வேண்டிய நேரம் அது. வந்தது பயம் இல்லை. இவ்வளவு மாதமாகத் தேடிய ஒன்று கையில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"சரி பண்ண முடியாதா?"

"முடியாம இன்னா? உள்தோலை அறுத்து, இத்தெல்லாம் சொரண்டி எடுத்துட்டு, புதுப் பலகை வெச்சு, மேல ரெசின் பசை போட்டு மூடிடலாம். நாலஞ்சு நாள் வேலை."

"ஜைத்து. முடியாதுன்னு சொல்லு."

அவன் புரியாமல் பார்த்தான்.

"போட்டு செத்துப் போச்சு, ஒன்னும் பண்ண முடியாதுன்னு அவனாண்ட சொல்லு."

"அக்கா, வேலை தெரிஞ்சவன் வாயால அத்த எப்டிக்கா சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன். நீ சும்மா நில்லு."

ஜைத் டிரில்லரின் ஒயரைச் சுற்றத் தொடங்கினான்.

மத்தியானம் பாரத் போல்ட்டுப் பையோடு வந்தான். அம்மா கையை விரித்துக் கறுப்புச் சக்கையைக் காட்டினாள். "முடிஞ்சி போச்சுடா. உள்ள மொத்தமும் உளுத்துப் போச்சு. இதுக்கு மேல இது தண்ணில நிக்காது. கேட்டுக்கோ இவனையே."

பாரத் ஜைத்தைப் பார்த்தான். ஜைத் மணலைப் பார்த்தான். பாரத் குனிந்து ஓட்டையைப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பையை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் அழுவான், கத்துவான், பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு சாயங்காலம் வந்து சோறு கேட்பான், அப்புறம் ஏதாவது ஒரு வேலை தேடுவான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"சரிம்மா" என்றான். "பாலு மாமா போட்டுல ஒரு ஆளு கம்மியாம். கூப்ட்டுக்கினே இருந்தாரு. நாளைலருந்து அதுல போறேன்."

சொல்லிவிட்டு நடந்தான். பாலு கொஞ்ச தூரத்தில் படகு நிழலில் உட்கார்ந்து வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் படகின் பின்பலகையில் போன வருஷமே மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் வெயிலில் பளபளத்தது.

அதே பட்டறை. அதே அச்சு. அதே வருஷம். தேசம்மாவின் கையில் சக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

அவளால் இப்போது என்ன சொல்ல முடியும்? பாலு படகில் போகாதே என்றால் ஏன் என்பான். மகனை மட்டும் தடுத்து நிறுத்தினாலும் பாலு போவான். பாலுவோடு இன்னும் மூன்று பேர் போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அவளோடுதான் மீன் விற்கிறார்கள்.

"டேய் நில்லுடா!"

பாரத் திரும்பவில்லை. அவள் ஓடினாள். சுடுமணலில் செருப்பு ஒன்று கழன்றுபோக, ஒற்றைச் செருப்போடு பாலு முன்னால் போய் நின்றாள்.

"நம்ம போட்டை சரி பண்ணலாம். ஜைத்து பண்ணலாம்னுதான் சொன்னான். நான்தான் பொய் சொன்னேன்."

பாரத் அவளைப் பார்த்தான். "என்னாண்டயேவாம்மா?"

"ஆமா." பாலு பக்கம் திரும்பினாள். "பாலு, உன் போட்டும் அப்டித்தான் இருக்கும். எஞ்சினைக் கழட்டு. ஓட்டை போட்டுப் பாக்கணும்."

"இன்னா, ஒனக்கு வெயில் ஏறிடுச்சா? என் போட்டு கல்லு மாதிரி கீது. இப்பத்தான் பெயிண்ட் அட்ச்சேன்."

"என் போட்டும் கல்லு மாதிரிதான் இருந்துச்சு."

கறுப்புக் கையை நீட்டினாள். பாலு அதைக் கிள்ளி எடுத்து முகர்ந்தான். பிறகு ஜைத்தைக் கூப்பிட்டான். "ஒரே ஒரு ஓட்டை. அதுக்கு மேல போட்ட, கைய ஒட்ச்சிடுவேன்."

பலகையின் மேல்பக்கம் போட்ட ஓட்டையில் காய்ந்த மரத்தூள் வந்தது. பாலு, "பாத்தியா?" என்றான். ஜைத் அவனிடம் கேட்காமலே கீழ் மூலையில் இன்னொன்று போட்டான். அங்கே கறுப்பாக வடிந்தது. பாலு யார் கையையும் உடைக்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்தான். அன்று விடியற்காலையில்தான் அதில் போய்விட்டு வந்திருந்தான்.

அடுத்த நாளிலிருந்து வேலை நடந்தது. ஜைத் முதலில் தேசம்மாவின் படகை எடுத்துக்கொண்டான். உள்தோலை கிரைண்டரால் அறுத்து, சக்கையை வழித்துப் போட்டு, வெயிலில் நன்றாகக் காயவிட்டான். புது பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டி வைத்து, அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு ரெசினைத் தடவினான். பாரம் பலகையோடு நிற்காமல் படகின் பக்கச் சுவர்களுக்கும் போகும்படி இரண்டு மூலையிலும் முட்டுக் கொடுத்தான். போல்ட் போகிற ஓட்டைகளுக்குள்ளும் ரெசின் பூசினான். தண்ணீர் முதலில் அந்த வழியாகத்தான் நுழையும் என்றான்.

வியாபாரம் முடிந்ததும் தேசம்மா வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு அடுக்கையும் பார்ப்பாள்.

"அக்கா, நீ இப்டி மொறைச்சா ரெசின் தானா காஞ்சிரும். காய வெக்கிற ஹார்டனர் மிச்சம்."

பாரத் ரெசின் கலக்கிக் கொடுத்தான். ஜைத்தோடு பேசினான், பாலுவோடு பேசினான். அம்மாவோடு பேசவில்லை. வீட்டில் தட்டை வைத்தால் சாப்பிட்டான்.

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உறுத்தியது வேறொன்று. இவனைப் படிக்க வைத்தது இவன் நன்றாக இருக்கவா, இல்லை அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தான் பயந்து சாகாமல் இருக்கவா? இரண்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்கே போதவில்லை. பெருங்குடியில் அவன் என்ன வேலை செய்தான் என்று அவள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கரையில் இருக்கிறான் என்பதே போதுமாக இருந்திருக்கிறது.

பிராக்கெட்டை ஏற்றி, உள்பக்கம் தடித்த தகடு கொடுத்து முடுக்கினார்கள். எஞ்சினை நான்கு பேர் தூக்கி மாட்டினார்கள். மறுநாள் விடியற்காலை கடலுக்குப் புறப்பட்டபோது, தன் படகின் பின்பலகை இன்னும் அறுபட்டுக் கிடப்பதால் பாலு பாரத்துக்குத் துணையாக ஏறினான். பின்பக்கம் கனம் கூடியதால் வலையையும் ஐஸ் பெட்டியையும் முன்பக்கம் தள்ளி வைத்தார்கள். தேசம்மா சிலுவை போட்டுக்கொண்டு மீன் கூடையைத் தூக்கினாள். ஆனால் கடைக்குப் போக முடியாமல் கரையிலேயே நின்றாள்.

அவர்கள் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. மூன்று அலைகளை விட்டுவிட்டு நான்காவதன் முதுகில் வந்தார்கள். கடைசி நேரத்தில், விசிறி மணலில் இடிக்காமல் இருக்க, பாரத் எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தான். பின்னாலிருந்து இன்னொரு அலை எழுந்து பின்பலகையில் அறைந்தது. படகு குலுங்கியது, நேராக நின்றது, மணலில் ஏறியது.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். தேசம்மா முழங்கால் நீரில் இறங்கிப் போய், யாரையும் பார்க்காமல், பின்பலகையின் உள்மூலையில் கையை விட்டுத் தடவினாள். போல்ட்டு போல்ட்டாகத் தடவினாள்.

"அங்க ஒழுவலம்மா" என்றான் பாரத். "அலைத் தண்ணி. மேலருந்து வந்துச்சு."

அவள் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

"நாளைக்கும் போறியா?"

"போறேன்."

"சரி, மீனை எறக்கு" என்றாள்.