ஸ்கேல் அக்காவும் என் எண்பத்து மூன்றும்

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருக்காவது புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். டாக்டரா? இல்லை. நர்ஸா? அதுவும் இல்லை. இதய ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ரத்தக்குழாயின் உட்சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே கோடு வரைவாள். அந்தக் கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு குழாயைக் கட்டி, அதில் ரத்தத்தை ஓடவிட்டுக் கணக்குப் போடும். அடைப்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு அழுத்தம் மிஞ்சுகிறது என்று ஓர் எண் வரும். நூற்றுக்கு எண்பதுக்கு மேலே இருந்தால் மாத்திரையோடு போய்விடும். கீழே இறங்கினால் டாக்டர் ஸ்டென்ட் பேச்சை எடுப்பார்.

ஆபீஸில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். நான் காயப்போட்ட துணியைக்கூட வந்து நேராக்கிவிட்டுப் போவாள். அவள் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். நான் பண்ணிக்கொண்டு, ஒத்துவராமல், அவள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவன். எங்களுக்குள் பேச்சைவிடச் சண்டைதான் அதிகம்.

நான் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடத்தையும் தாண்டி உயரமாக நிற்குமே, அது. ஏணி ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. மூச்சுவிடவில்லை யாரிடமும். அக்கா எப்படியோ மோப்பம் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டென்ட் வைத்தவனை எங்கள் கம்பெனி கேபினில் ஏற்றாது. கீழே நின்று, மேலே இருப்பவனுக்குக் கையாட்டிச் சைகை காட்டச் சொல்லும். வருஷக்கணக்காக மேலே இருந்தவன் போய் மண்ணில் நின்று கையாட்டுவதா?

படம் அக்காவின் ஆபீஸுக்கே வந்தது. சொந்தக்காரர் படத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். பக்கத்து மேஜைக்குப் புதிதாக வந்த பெண் வரைந்தாள். எழுபத்தாறு.

அன்று அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு வரைஞ்சாளோ! சுவர்ல கால்சியம் படிஞ்சிருந்தா, ஸ்கேன்ல இருக்கறதைவிடப் பெருசா வெள்ளையாத் தெரியும். அதையும் சேத்து அடைப்புன்னு வரைஞ்சு வச்சிருக்கா."

"அப்ப நீ வரைய வேண்டியதுதானே?"

"தொடக்கூடாதுடா."

"கண்டவனுக்கெல்லாம் வரையறே. கூடப்பிறந்தவன்னா மட்டும் சட்டம் பேசறே!"

சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் அவளே வரைந்துவிட்டாள். எண்பத்து மூன்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே சைட் மேனேஜருக்கு போன் போட்டு, அடுத்த வாரம் மேலே ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அந்த எண்ணைக் கொண்டுபோய் அவள் மேலதிகாரி முன்னால் வைத்தாள். மனிதர் முகம் கொடுத்தே பேசவில்லையாம்.

"ரெண்டாவதா ஒருத்தரை வச்சும் சரிபாத்தாச்சும்மா. அவரும் எழுபத்தாறுதான் சொல்றாரு. நீங்க அக்கா. நீங்க வரைஞ்சதை எடுத்துக்க முடியாது."

"அக்கான்னா கண்ணு அவிஞ்சு போயிடுமா சார்? பேரை எடுத்துட்டு, எனக்கு அடையாளம் தெரியாதபடி படத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, என் மத்த படங்களோட கலந்து விடுங்க. எது அவன்துன்னு சொல்லாதீங்க. அப்புறம் என்ன வருதுன்னு பாப்போம்."

ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் அவள் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. சாப்பிடும்போதுகூட அந்தப் புதுப் பெண்ணைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பார்த்தே இராத பெண்ணை!

பிறகு ஒரு சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வைத்தாள். என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எழுபத்தஞ்சு."

"யாரு, அந்தப் பொண்ணா? இன்னும் குறைச்சுட்டாளா?"

"நான்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்ப எண்பத்து மூணு?"

"அதுவும் நான்தான்."

"என்ன விளையாடறியா? எதுதான் நிஜம்?"

"நீன்னு தெரியாம வரைஞ்சதுதான். சத்தியமா வேணும்னு தள்ளி வரையலைடா. எனக்கு அங்கதான் சுவர் தெரிஞ்சுது. இத்தனை வருஷம் இதைத்தானே பண்றேன், எனக்கே தெரியலையேடா! எரிச்சலா வருது. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உன்னை யார் நிரூபிக்கச் சொன்னது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, இனிமேல் நான் கையாட்டுவதைத் தெருவில் நின்று வேடிக்கை பார் என்றெல்லாம். அவள் கையை நீட்டினாள்.

"கேபின் சாவியைக் குடு. மேல ஏறாதே."

வீசி எறிந்தேன். சாவி சுவரில் பட்டுத் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. போட்ட கூச்சலுக்கே நெஞ்சு இறுக ஆரம்பித்திருந்தது. காட்டிக்கொள்ளாமல், நானே எடுக்கலாம் என்று குனிந்தேன்.

"நீ குனியாதே," என்று என்னைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, அவள் தரையில் முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.