அத்தாவின் சைக்கிளில் ஏழு நாள் மோட்டார்

அந்த மோட்டார் எங்கள் வீட்டில் ஏழே நாள்தான் இருந்தது. ஏழு நாளும் நான் கட்டிலில் உட்கார்ந்தால் காலைத் தொங்கப்போடவில்லை. ஒன்பது வயதில் பயப்படுவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் இல்லாமல் இல்லை. கணக்கு டீச்சர் இருந்தார், ரயில்வே கேட் பக்கம் ஒரு வெறிநாய் இருந்தது. ஆனால் அவர்களெல்லாம் வெளியே இருந்தார்கள். இது கட்டிலுக்கு அடியில், சாக்குப்பைக்குள் இருந்தது; சைக்கிளில் மாட்டிய பிறகும் ராத்திரியில் கட்டிலோரம்தான் நின்றது.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை. மெட்ராஸில் ஏதோ ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாதாரண சைக்கிளில் மாட்டினால் அதை மோட்டார் சைக்கிள் ஆக்கிவிடுகிற சாமான் அது. தேங்காய் அளவுக்கு ஓர் எஞ்சின், டிபன் டப்பா போல ஒரு பெட்ரோல் டாங்க், ஓர் இரும்பு உருளை, கொஞ்சம் கம்பி. எஞ்சின் உருளையைச் சுழற்றும், உருளை பின் டயரைத் தேய்த்துச் சுழற்றும். அவ்வளவுதான் விஷயம்.

"மிதிக்கவே வேணாம்க்கா. மச்சான் சும்மா குந்திகினா போதும், அது தானா இட்டுகினு பூடும்" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். தானாகப் போகும் என்பதுதான் என்னைக் கலக்கியது. தானாகப் போகிற ஒன்று தானாக நிற்குமா? இதை யாருமே கேட்கவில்லை.

மோட்டார் அத்தாவுக்காக. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா வலை பின்னுகிற நைலான் நூல் விற்றார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம், அங்கிருந்து கடலோரமாகத் திருவிடந்தை வரை, குப்பம் குப்பமாகச் சைக்கிளில் போய்வருவார். குப்பத்து ஆட்களுக்கு அவர் நூல் பாய். அந்த வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் சைக்கிள் மிதிக்கவே கூடாது, மிதித்தால் நான் பொறுப்பில்லை என்றார். கத்தரிக்காயும் கூடாது என்றார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. மூன்று வாரமாக அத்தா வீட்டில் இருந்தார். சுவரோரம் நூல் மூட்டைகளும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

மாமா சாக்கைப் பிரித்து எல்லாவற்றையும் தரையில் பரப்பியபோதுதான் இரண்டு சாமான் குறைவது தெரிந்தது. உருளையை டயரோடு அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கைக் காணோம். எஞ்சினை அணைக்கிற சுவிட்சையும் காணோம். இன்னொருவராக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். மாமா இரண்டு நாள் தாடையைச் சொறிந்துகொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அத்தாவின் சைக்கிள் கேரியரைக் கழற்றி, கீல் வைத்து, எஞ்சினை அதன் அடியில் தொங்கவிட்டார். கேரியரில் பாரம் ஏறினால் அது ஒரு விரல் அளவு தாழும். உருளை டயரைக் கவ்வும். பாரம் இறங்கினால், பழைய டியூபைக் கிழித்துக் கட்டிய பட்டை கேரியரை மேலே இழுத்துக்கொள்ளும். உருளை டயரை விட்டுவிடும். எஞ்சினுக்கு இடம் பற்றாததால் பின் பிரேக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இந்த நுட்பமெல்லாம் இன்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தெருவில் முதல்முறை அதை ஸ்டாண்டில் நிறுத்திக் கிளப்பியபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓட்டின் மேல் ஏறிக்கொண்டன. நான் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டேன். ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி ஒருவருக்குக் கை போன கதையை என் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு விரல் விரலாகச் சொல்லியிருந்தாள். மோட்டார் என்றால் அது எதையாவது எடுத்துக்கொள்ளாமல் விடாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதன்மேல்தான் அத்தா உட்காரப் போகிறார். தினமும் உட்காரப் போகிறார். ராத்திரி கண்ணை மூடினால் வெறும் சைக்கிள் ஒன்று மட்டும் தானாக வீடு திரும்பி வருவது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அத்தா ஜும்மாவுக்கு முன்னால் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ குட்டி, நீ எத்தினி கிலோ கீற?"

"தெரியலியே."

அக்குளில் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிப் பார்த்தார். "இருவது, இருவத்திரண்டு தேறும். போதும்."

எதற்குப் போதும் என்று சொல்லவில்லை. நூல் மூட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தால் எண்ணெய் பட்டு நூல் கெட்டுவிடுமாம். அதனால் மூட்டைக்குப் பதில் நான். அம்மாவிடம் கடைத்தெரு வரைக்கும் என்று சொல்லிவிட்டு என்னைக் கேரியரில் ஏற்றினார். "பயமா கீதா?" என்றார். பயமாக இருந்தது. ஆனால் அத்தாவுக்கு முன்னால் யாராவது ஒருத்தர் அது என்ன செய்யும் என்று பார்த்து வைக்க வேண்டுமே. "இல்லியே" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. இன்னா நடந்தாலும் எந்திரிக்கக் கூடாது. கெட்டியாக் குந்திகினு வரணும்."

கடைத்தெரு பின்னால் போய்விட்டது. மாமா மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார். பெடல் சும்மா நிற்க, சைக்கிள் ஓடியது. பனைமரங்கள் ஓடின. என் தொடைக்குக் கீழே அந்தச் சாமான் கடகடவென்று உறுமி, பல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதியது. மாமா பாடினார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்களுக்கெல்லாம் சலாம் வைத்தார். திருக்கழுக்குன்றம் வந்ததும் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அங்கே ஒருவர் "இன்னா நைனா, எத்தினி மைலு ஓடும்?" என்று கத்தினார். அந்தக் கேள்விதான் எங்களைக் கெடுத்தது. "கடல் வரிக்கும் ஓடும்!" என்று கத்தியபடி மாமா நேரே விட்டார்.

மகாபலிபுரத்துக்கு முன்னால் கால்வாய்ப் பாலம். ஏறும்போது மாமா ஹேண்டில் பாரில் இருந்த, வேகம் கூட்டுகிற விசையை முழுக்கத் திருகினார். மேட்டைத் தாண்டி இறங்கும்போது திருப்பி விட்டார். விசை திரும்பியது, சத்தம் குறையவில்லை. விசையிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பியின் ஓர் இழை பிரிந்து உறைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் முழு வேகத்தில் கத்த, எதிரே சரிவு. முன் பிரேக்கை அழுத்தினார். கட்டை தீய்ந்து, ஒரு துண்டு என் காதோரமாகப் பறந்தது.

"குட்டி, எந்திரி!"

நான் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

"எந்திரிம்மா! கேரியர வுட்டு எந்திரி! குதி! கீழ குதிச்சிரு!"

கல் சிற்பம் செதுக்குகிற பட்டறைகள் இரண்டு பக்கமும் பறந்தன. உளியைத் தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு டூரிஸ்ட் பஸ் எங்களை நோக்கி வந்து, பெரிதாகி, மயிரிழையில் ஓரமாகப் போனது. மாமா 'குதி, குதி' என்று கத்திக்கொண்டே இருந்தார். ஓடுகிற வண்டியிலிருந்து என்னைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டேன். என்னை விட்டு அவர் போக முடியாது. நான் எவ்வளவுக்கு அழுத்தினேனோ அவ்வளவுக்கு உருளை டயரைக் கவ்வியது. எவ்வளவுக்குக் கவ்வியதோ அவ்வளவுக்குப் பறந்தோம்.

மாமா வலது காலைத் தூக்கி முன் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே கொடுத்தார். ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. பிறகு செருப்பு எங்கோ தெறித்தது. பிறகும் அவர் காலை எடுக்கவில்லை. நான் கேட்ட சத்தம் மாமாவுடையது என்று எனக்குத் தெரியாது. எஞ்சின்தான் வேறு மாதிரி கத்துகிறது என்று நினைத்தேன். தார் ரோடு முடிந்து, குப்பத்துச் சந்து முடிந்து, மணலில் சக்கரம் புதைந்து, நாங்கள் இருவரும் காய்ந்துகொண்டிருந்த ஒரு வலையின் மேல் போய் விழுந்தோம்.

சைக்கிள் கவிழ்ந்து கிடந்து கதறியது. மாமா தவழ்ந்து போய்ச் சட்டை நுனியால் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கினார். உலகமே நின்ற மாதிரி அமைதி. கடல் சத்தம் அப்புறம்தான் கேட்டது.

வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார். "இன்னாய்யா, ரோடு முட்ஞ்சி போச்சு. கடல்லயும் வுடப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓர் அம்மாள் என் முகத்தைத் துடைத்துவிட்டுத் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "இது நூல் பாய் பொண்ணு இல்ல? மூக்கப் பாரேன், அப்டியே பாய் மூக்கு. ஏன் பாயிக்கு இன்னா ஆச்சு? மூணு வாரமா ஆளக் காணோம், வல கிழிஞ்சது கிழிஞ்சாப்லயே கெடக்குது."

மாமா மணலில் உட்கார்ந்து உள்ளங்காலை ஒரு துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். துணி சிவந்துகொண்டே வந்தது. "வருவாரு. வர்ற வாரம் வருவாரு. இதோ, இதுலதான் வருவாரு" என்று எஞ்சினைத் தட்டிக் காட்டினார்.

நான் எஞ்சினை விட்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். "கம்பி ஒண்ணு மாத்தணும். அவ்ளோதான். ஒரு சுவிட்சு வெச்சிட்டா ஒரு பேஜாரும் இல்ல." நான் ஜன்னல் பக்கம் திரும்பி என் வாக்குமூலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகத் தயார் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜும்மா முடிந்து அத்தா திரும்பியிருந்தார். அம்மா மாமாவின் காலைப் பார்த்தாள், என் முழங்கையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். கடல், பஸ், பிரேக் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக்கு வைத்திருந்ததைக் கடைசியில் சொன்னேன்: "மாமா என்னைக் கீழ குதிக்கச் சொன்னாரு. தான் மட்டும் பொழச்சிக்கலாம்னு குதி குதின்னு கத்துனாரு."

அம்மா மெதுவாகக் கேட்டாள். "குதின்னு சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா" என்றார் மாமா. ஏன் சொன்னார் என்று சொல்லவில்லை. சொல்வதென்றால் என்னை எதற்காக ஏற்றிக்கொண்டு போனார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும். பெற்றவளிடம் உன் பெண்ணை மூட்டைக்குப் பதில் வைத்தேன் என்று எந்தத் தம்பி சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அத்தா சைக்கிளிடம் போனார். கேரியரை உள்ளங்கையால் அழுத்தினார். அது தாழ்ந்தது. விட்டார், எழும்பியது. இன்னொரு முறை அழுத்தி, விட்டார். கொஞ்ச நேரம் மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பேச்சுக்கு இடமில்லை.

"கழட்டிடு மச்சான்" என்றார்.

மாமா ஒற்றைக் காலில் நின்றபடியே கழற்றினார். கேரியரைப் பழையபடி மாட்டினார். பின் பிரேக்கை ஆணியிலிருந்து எடுத்துப் பூட்டி, இரண்டு முறை சரிபார்த்தார். முன் பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டார். செயினுக்கு, யாரும் கேட்காமலே, நெடுநேரம் எண்ணெய் விட்டார். பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டியபடி போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி கட்டிலில் காலைத் தாராளமாகத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தாவை நான் காப்பாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை அத்தா நூல் மூட்டைகளில் பாதியை மட்டும் கேரியரில் கட்டினார். குப்பத்தில் உங்களைக் கேட்டார்கள் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தா ஏறி மிதித்தார். சத்தமே இல்லை. எவ்வளவு நிதானமாகப் போகிறார் பார், மாமா மாதிரி கண்மண் தெரியாமல் பறக்கவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஏரிக்கரைக்கு ஏறுகிற மேடு. பாதி மேட்டில் அத்தா இறங்கினார். ஹேண்டில் பாரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்ப்பதற்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்து, வாசற்படியில் ஏறிக் கையை ஆட்டினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் நின்ற நேரம் முழுக்க நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.