இரண்டாம் பெட்டி

பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் மெர்சி வெறும் காற்றை ஒரு தடவை இழுப்பாள். அக்கார்டியனின் இடப்பக்கத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு துருத்தியை விரித்தால் சுரம் எதுவும் வராது. காற்று மட்டும் உஸ்ஸென்று உள்ளே போகும். இட்லிப் பானையின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். கல்யாண வீட்டுக் கூச்சலில் யார் காதிலும் விழாது. செந்தாமரையின் காதில் மட்டும் விழும். வருஷக் கணக்காக விழுந்துகொண்டிருந்தது.

"மகாராணி பெருமூச்சு வுட்டுட்டாங்க, இனிமே பாட்டு வரும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே சொன்னதில்லை.

செந்தாமரை ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய ஊரில் பிறந்தவள். தம்பிகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளை நிறுத்தி நடவுக்கு அனுப்பிவிட்டார்கள். சிவசங்கரைக் கட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்கு வந்தாள். அவனுக்கு நெடுஞ்சாலை ஓரத்து பேட்டரி கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒருநாள் அவனுடைய சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்ட கோதண்டத்தின் கடைக்குப் போனாள். கடை பெஞ்சில் நான்கு அக்கார்டியன்கள் கிடந்தன. சென்னையில் ஒரு சர்க்கஸ் கம்பெனி கலைந்தபோது கோதண்டம் மொத்தமாக வாங்கிவந்தவை. துருத்தி கிழிந்த இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் செந்தாமரை ஒற்றை விரலால் ஒரு மாரியம்மன் பாட்டைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னொரு தபா வாசிம்மா" என்றார் கோதண்டம், பசை டப்பாவோடு நின்று.

அப்படித்தான் செட்டு பிறந்தது. ஆண்கள் வாசிக்கிற செட்டு ஊருக்கு ஊர் இருக்கிறது, பெண்கள் நின்று வாசித்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான் என்பது கோதண்டத்தின் யோசனை. அவர் நினைத்தது தப்பவில்லை. அக்கார்டியனை ஊரில் எல்லோரும் பொட்டி என்றுதான் சொன்னார்கள். நான்கில் மூன்று சின்னவை. ஒன்று மட்டும் பெரியது, ரத்தச் சிவப்பு, வெள்ளைக் கட்டைகள் வெயிலில் பல் மாதிரி மின்னும். பெரிய பெட்டியை மாட்டுகிறவள் நடுவில் நின்று பாட்டை வாசிப்பாள். சின்னப் பெட்டிகள் பாட்டுக்கு அடியில் தாளத்தோடு சுரம் சேர்த்துக் கொடுக்கும். "குழம்புல உப்பு மாதிரிம்மா" என்பார் கோதண்டம். குழம்பு நல்லா இருக்குது என்றுதானே சொல்வார்கள், உப்பு நல்லா இருக்குது என்று எவன் சொல்வான் என்று செந்தாமரை நினைத்துக்கொள்வாள்.

முதலில் சேர்ந்தவள் அவள். பிறகு பாஞ்சாலி, கிளியம்மாள். கடைசியாக வந்தவள் மெர்சி. குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப் பெண். சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகியவள். வந்த அன்றைக்கே பெரிய பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இது நல்லா கீதே மாஸ்டர்" என்றாள். கோதண்டமும் சரி என்றுவிட்டார். செந்தாமரை அதுவரை அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மாட்டிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டதே இல்லை. கேட்காததை நினைத்து நினைத்து வெந்தாள்.

தட்டியில் எழுதியிருந்தது 'கோதண்டம் அக்கார்டியன் குழு'. ஊர் சொன்னது 'மெர்சி செட்டு'.

துருத்தியை மூடும்போது செந்தாமரையின் முந்தானை மடிப்புக்குள் சிக்கும். எத்தனை ஊக்கு குத்தினாலும் சிக்கும். மெர்சியின் புடவை ஒருநாளும் சிக்கியதில்லை. மெர்சி கெட்டவளாக இருந்திருந்தால் சௌகரியமாகப் போயிருக்கும். அவளோ தன் ஊக்கைக் கழற்றி, "இந்தாக்கா, இது கெட்டியா நிக்கும்" என்று செந்தாமரையின் தோளில் குத்திவிடுவாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பாள். செந்தாமரை அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு விள்ளல்கூட வாயில் போடமாட்டாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, நெடுஞ்சாலையில் முழத்துக்கு முழம் போலீஸ். கோயில் திருவிழா ஒன்றுக்குப் போன செட்டின் வேனை நிறுத்திப் பெட்டியோடு இறங்கச் சொன்னார்கள். முதலில் இறங்கியவள் செந்தாமரை.

"பொட்டில இன்னா?" என்றார் போலீஸ்காரர்.

"அக்கார்டியன் சார்."

"அப்டின்னா?"

"வாசிக்கிறது சார்."

"எங்க, வாசிச்சிக் காட்டு."

செந்தாமரை பெட்டியை மாட்டினாள். பயத்தில் கை பழகின வழியில் போய்விட்டது. பாட்டுக்கு அடியில் வாசிக்கிற பங்குதான் வந்தது. உம்-சக், உம்-சக் என்று அதே சுரங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் கேட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னாமா இது? பாட்டக் காணோமே. நெசமாவே வாசிக்கிறவதானா நீ?"

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். கிளியம்மாளாகத்தான் இருக்கும். செந்தாமரைக்குப் பாட்டுத் தெரியாமல் இல்லை. அத்தனை பாட்டும் காதில் இருந்தது. விரல்தான் அதைத் தேடிப் போகவில்லை. மெர்சி இறங்கி வந்து பெரிய பெட்டியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றை இழுத்தாள். முருகன் பாட்டு ஒன்றின் முதல் அடி வந்ததுமே போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது பாட்டு" என்றார். இன்னொன்றும் கேட்டுவிட்டுத்தான் வேனை விட்டார்.

அந்த 'இது' என்ற சொல் செந்தாமரையின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அதற்கப்புறம் மாதக் கணக்கில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அழைப்பும் வரவில்லை. செந்தாமரை தன் சின்னப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்தாள். அடியில் வருவதை அல்ல, பாட்டையே.

"நைட் ஷிப்ட் முட்சிட்டு வந்து பட்த்துகினு கீறேன்" என்றான் சிவசங்கர், தலையணையால் காதை மூடிக்கொண்டு. "கம்பெனி மிஷின்கூட டீ டைம்ல நிக்கும்டி."

"நிறுத்தறேன், நிறுத்தறேன்."

"யார வெட்டறதுக்குக் கத்தியத் தீட்டற?"



ஆவணியில் படப்பையில் ஒரு கல்யாணம் வந்தது. அதற்குள் மெர்சிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பெரிய பெட்டி வயிற்றில் இடிக்கும், கூடாது என்று கோதண்டமே சொல்லிவிட்டார். "மெர்சி நாற்காலி போட்டு உக்காந்து சின்னப் பொட்டி வாசிக்கட்டும். செந்தாமர, பெர்சு நீ மாட்டிக்கோ."

செந்தாமரை இரண்டு பெற்றவள். இரண்டு தடவையும் நிறைமாதம் வரைக்கும் நின்றுகொண்டே வாசித்தவள். அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. அந்தக் கோபம் ஒரு பக்கம் இருக்க, பெரிய பெட்டியின் தோல்வாரைத் தன் தோளுக்குத் தளர்த்திக் கட்டியபோது உடம்பு சிலிர்த்தது. இந்த ஒரு கல்யாணத்தில் வாசிக்கிற வாசிப்பில் இது இனிமேல் தன் தோளைவிட்டு இறங்கக் கூடாது. இன்னொன்றும் முடிவு பண்ணினாள். அந்தப் பெருமூச்சு மட்டும் விடுவதில்லை. மெர்சி மாதிரி என்று ஒரு வாய்கூடச் சொல்லிவிடக் கூடாது.

மாப்பிள்ளை அழைப்பு. சாயங்கால வெயில் பந்தலின் ஓலை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. செட்டு மண்டப வாசலில் நின்றது. நடுவில் செந்தாமரை, இடப்பக்கம் நாற்காலியில் மெர்சி, வலப்பக்கம் பாஞ்சாலியும் கிளியம்மாளும், பின்னால் டிரம் நடேசன். மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. கோதண்டம் தலையை ஆட்டினார்.

செந்தாமரை தொடங்கினாள். முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாம் அடியும் வந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, தன் பெட்டி மட்டும்தான் கேட்கிறது. பாட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பாஞ்சாலி கட்டைகளின்மேல் விரலை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளியம்மாளும் அப்படியே. நடேசன் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி படத்தில் நிற்கிறவர் மாதிரி நின்றார். பாட்டு பெரிய மண்டபத்தில் ஒற்றைக் கொசுவாக அலைந்தது.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பெண் வீட்டுக்காரரிடம், "இன்னாபா, ஒரு பொட்டிக்குத்தான் அட்வான்ஸ் குட்த்தியா?" என்றார். சுற்றிலும் சிரிப்பு.

செந்தாமரையின் விரல்கள் நின்றன. முகம் எரிந்தது. மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, இறங்குவதா இருப்பதா என்று பார்த்தார். அப்போது இடப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உஸ்.

செந்தாமரையின் கை தானாகப் பாட்டைத் தொடங்கியது. அதே நொடியில் பாஞ்சாலியும் கிளியம்மாளும் சேர்ந்துகொண்டார்கள், டிரம்மும் இறங்கியது. அடியிலிருந்து பாட்டு எழும்பி அவளைத் தூக்கிக்கொண்டு போனது. பெரிய பெட்டி வாசிக்கிறவளுக்கு உள்ளே இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் இதை மெர்சி அனுபவித்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

பந்தியில் உட்கார்ந்தபோது கோதண்டம் விசாரணை வைத்தார். "இன்னா ஆச்சி உங்களுக்கு? அவ வாசிக்கறா, நீங்க வேடிக்க பாக்கறீங்க?"

"எனக்குத் தெரில மாஸ்டர்" என்றார் நடேசன், அப்பளத்தை நொறுக்கியபடி. "கை எய்ந்துக்கவே இல்ல."

"ஏதோ ஒண்ணு வர்ணும்னு காத்துகினு இருந்தேன். இன்னான்னு கேட்டா சொல்லத் தெரியாது" என்றாள் பாஞ்சாலி.

"மெர்சி மூச்சு வுடல" என்றாள் செந்தாமரை, இலையைப் பார்த்தபடி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அந்தப் பொத்தானை, அந்தக் காற்றை, அது எப்போது வரும் எவ்வளவு நீளம் வரும் என்பதை எல்லாம். பாட்டு வேகமாக இருந்தால் குட்டையாக வரும், சாமி பாட்டு என்றால் நீளமாக வரும். சொல்லச் சொல்ல அவளுக்கே கூசியது. தன் மனசைத் திறந்து இலையில் வைத்த மாதிரி இருந்தது.

மெர்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "நானா? நான் அப்டியா பண்றேன்? எனக்கே தெரியாதேக்கா." அவள் கண் கலங்கியது. "இத்தினி வருஷமா என்ன இவ்ளோ கவனிச்சிகினு இருந்தியாக்கா? எங்க வூட்டுக்காரர்கூட இவ்ளோ பாத்ததில்ல."

அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.  திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது செந்தாமரைக்கு.

"செரி, இனிமே நீயே வுடு" என்றார் கோதண்டம் செந்தாமரையிடம். சாப்பாட்டுக்குப் பிறகு நலங்குக்கு வாசிக்க உட்கார்ந்தபோது அவள் விட்டும் பார்த்தாள். அவள் இழுத்த காற்று பஸ் பிரேக் பிடித்த மாதிரி வந்தது. பாஞ்சாலி ஒரு பக்கம், நடேசன் ஒரு பக்கம் என்று முன்னும் பின்னுமாக வந்து விழுந்தார்கள். அடுத்த பாட்டுக்குக் கோதண்டம் மெதுவாக, "மெர்சி, நீயே வுட்ருமா" என்றார். மெர்சி விட்டாள். எல்லாம் சரியாக நடந்தது.

மெர்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கோதண்டம் பெரிய பெட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார். செந்தாமரைதான் துடைத்துக் கொடுத்தாள். வாரைக்கூடப் பழைய ஓட்டைக்கே மாற்றி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி திரும்பி வந்துவிட்டது.

"அக்காகிட்டயே கெடக்கட்டும்னுட்டா" என்றார் கோதண்டம். "கைக்கொழந்தைய வெச்சிகினு அத்தத் தூக்க முடியாதாம். சின்னதுதான் தோதாம்."

கேட்டு வாங்கியிருக்கலாம், சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று ஒதுக்கிவைத்ததாகக் கைக்கு வந்தது. செந்தாமரை வாங்கி உள்ளே வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

இன்றைக்கும் செட்டு போகிறது. பெரிய பெட்டி செந்தாமரையின் தோளில்தான் இருக்கிறது, நடுவில் அவள்தான் நிற்கிறாள், பாட்டை அவள்தான் வாசிக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள் என்றே கேட்டவர்கள் சொல்கிறார்கள். மெர்சி இடப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பெட்டி வாசிக்கிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் காற்றை இழுப்பவள் அவள்தான், அது வராமல் செந்தாமரை தொடங்குவதில்லை. முந்தானை இன்னும் துருத்தியில் சிக்குகிறது. ஊர் இன்னும் மெர்சி செட்டு என்றுதான் சொல்கிறது.