கேசட் நின்ற இடம்

ஜனங்கள் படம் எடுத்துப் போவது வேறு, படம் பார்ப்பது வேறு என்பது வீடியோ கேசட் கடையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். நீங்களும் அப்படி உட்கார்ந்தவர் என்றால் கையைக் கொடுங்கள்.

ஒன்று முதல் ஒன்பது

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த கடையில், எனக்குப் பிடித்த இயக்குநரின் படங்கள் ஒன்பது இருந்தன. சிறந்ததிலிருந்து மட்டமானது வரை வரிசைப்படுத்தி, அட்டையில் எழுதி மாட்டினேன். முதலிடம், ஏரி மதகைக் காக்கிற கிழவரின் கதை. ஒன்பதாமிடம், கலெக்டரும் திருடனும் ஒரே ஆளாக வருகிற படம். அதில் மீசையை எடுத்துவிட்டால் பெற்ற தாய்க்கே மகனைத் தெரியாது. இரண்டையும் எடுத்தது ஒரே மனிதர்தான் என்று நம்ப எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அரிசி மண்டிக்காரர் ஒருவர் அட்டையை நிதானமாகப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். மனசு குளிர்ந்துபோய் முதலிடத்தை எடுக்கக் கை நீட்டினேன். "அது இருக்கட்டும் தம்பி. ஒம்போதுலருந்து ஆரம்பிச்சி மேல வருவோம். எதுவரைக்கும் தாங்குதுன்னு பாக்கலாம்."

சுருள் சொன்ன சாட்சி

திரும்பி வருகிற கேசட்டை ரீவைண்ட் செய்வது என் வேலை. எங்கே நிறுத்தினார்கள் என்பது சுருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாய் பொய் சொல்லும், சுருள் சொல்லாது. ஒன்பதாவது எப்போதும் கடைசி வரை ஓடித்தான் வரும். முதலாவது, யார் கொண்டுபோனாலும், கிழவர் கரைமேல் நடக்கிற இருபதாவது நிமிஷத்தில் நின்றிருக்கும்.

கதையைப் பாதியில் விட்டு எழுந்தால் வழியில் வயிற்றுவலி வரும் என்று தாத்தா மிரட்டி வளர்த்த பிள்ளை நான். இந்த ஊரில் ஒருத்தருக்கும் வயிறு வலிக்கவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று தையல்கடை அக்காவை மெதுவாகக் கேட்டேன். எனக்கு மெதுவாகத்தான் கேட்க வரும். "அந்தாளு நடந்துகினே கீறாரு. எங்க போறாருன்னு நீ பாத்துக்கினு இரு. போய்ச் சேந்தப்புறம் சொல்லியனுப்பு, வரேன்."

வெற்றுக் கேசட் வராத வாரம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, சென்னையிலிருந்து வெற்றுக் கேசட்டும் வரவில்லை. திருக்கோவிலூர்க்காரர் ஒருவருக்கு மகளின் கல்யாண வீடியோவைப் பதிந்து தர வேண்டியிருந்தது. முதலாளி என் அட்டையைப் பார்த்தார். யாருமே முழுசாகப் பார்க்காத படத்தை அழித்து அதில் பதியலாம் என்றார்.

ஊரில் அந்தப் படத்துக்கு இருந்தது அந்த ஒரே கேசட்தான். நல்லவேளையாக அது அப்போது கடையில் இல்லை. வெள்ளிமலைப் பள்ளிக்கூட வாத்தியார் எடுத்துப் போயிருந்தார்; ஜீப் ஓடாததால் அவரோடு அதுவும் மலையில் மாட்டிக்கொண்டது. நாள் முழுக்கக் கெஞ்சினேன். முதலாளி கடைசியில் இறங்கி வந்தார். "ஒரே ஒருத்தன் முழுசா பாத்தான்னு காட்டு. அந்தக் கெழவன் மேல நான் கை வெக்கல."

மலையிலிருந்து வந்தவர்

பாதை திறந்ததும் வாத்தியார் கேசட்டோடு வந்தார். வாங்கிப் பார்த்தேன். சுருள் மொத்தமும் வலப்பக்கம் சேர்ந்திருந்தது. கடைசி வரை ஓடியிருக்கிறது! முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றக் கிழவர் தன் சொந்த வயல் பக்கம் மதகைத் திறந்துவிடுகிறாரே, அந்த இடம் எப்படி என்று வாத்தியாரைக் கேட்டேன். "வெள்ளமா? அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. பஸ்ஸும் இல்ல, ஸ்கூலும் இல்ல, மத்தியானத்துல இதைப் போட்டுட்டுதான் தூங்கினேன். அதுவா ஓடி அதுவா நின்னுக்கும்."

கல்யாணக் கேசட்

அழித்துப் பதிந்தவன் நானேதான். முதலாளி பக்கத்தில் நின்றார். கல்யாணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. படம் அதைவிட அரைமணி அதிகம். மிச்சத்தை அழிக்க அவருக்குப் பொறுமை இல்லை, எனக்கு மனசில்லை. அட்டையைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பெண் அழுதுகொண்டே காரில் ஏறுகிறாளாம், அடுத்த நொடியே மழையாம், ஏரியாம், கிழவராம். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் கல்யாணத்தை வேகமாக ஓட்டிவிட்டு அதைப் போடச் சொல்கிறார்களாம். கல்யாணத்தில் பந்தி சரியில்லை என்று மூஞ்சியைத் தூக்கிய சம்பந்தி, கிழவர் மதகைத் திறக்கிற இடத்தில் தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "எங்க கல்யாணத்த வுடு தம்பி, அது சுமார்தான். அந்தப் பெரியவரு சொந்த வயலுக்கே இன்னாத்துக்குத் தண்ணியத் தெறந்து வுட்டாரு? இதோட முன்பாதி வெச்சிருப்பியே, அத எடு."

முன்பாதியின் மேல்தான் உங்கள் மகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல வாய் வராமல் ஒன்பதாவதை எடுத்துக் கொடுத்தேன், அதுவும் வழக்கம்போல் கடைசி வரை ஓடித்தான் திரும்பி வந்தது.