யாரும் புறப்படாத நாளில் கடல்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் கடற்கரைப் படங்கள் நிறைய. பார்க்கிறவர்கள் நாங்கள் ஏதோ ஜாலியான குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். திருப்பதிப் பக்கத்துப் புத்தூரிலிருந்து வேன் பிடித்து மெட்ராஸ் போய்க் கடலைப் பார்க்கிற அளவுக்கு எங்களுக்கு வசதியும் இல்லை, பொழுதும் இல்லை. யாராவது வெளிநாடு போனால் வழியனுப்பக் குடும்பமே வேனில் ஏறும். விமானம் ராத்திரிக்குத்தான். அதுவரை எங்கே உட்காருவது? பீச்சில்தான்.

படத்தில் அன்றைக்குப் புறப்படுகிறவர் யாரென்று கண்டுபிடிப்பது சுலபம். தலையைப் பார்த்தால் போதும். முதல் நாள் திருப்பதி மலையேறி மொட்டை போடாமல் எங்கள் வீட்டு ஆண்கள் விமானம் ஏறியதில்லை. அப்பா, எங்கள் வாயில் நைனா, குவைத்துக்குப் போன அன்று, பாஸ்போர்ட்டில் சுருட்டை முடியும் மீசையுமாக இருந்தவரை வழுவழு தலையோடு பார்த்த அதிகாரி, படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். நைனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகாவது எங்களுக்குப் புத்தி வந்ததா? சில வருஷம் கழித்து துபாய் போன அண்ணனும் மொட்டையோடுதான் போனான். அமெரிக்காவில் வேலை கிடைத்த புருஷனோடு கிளம்பிய தங்கை மட்டும், பெண்பிள்ளை என்பதால், நுனி முடியில் மூன்று கத்தரி வெட்டோடு தப்பித்தாள்.

எல்லாப் படத்திலும் அம்மா ஒரே மாதிரி நிற்கிறாள். முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, போகிறவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி. முகத்தில் சிரிப்பு கிடையாது. பீச் போட்டோக்காரர் விலாசம் வாங்கிக்கொண்டு படத்தைத் தபாலில் அனுப்புவார். அது வந்து சேரும்போது, அவள் பிடித்திருந்த கை எங்கோ வேலை செய்துகொண்டிருக்கும். அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு ஆல்பத்தில் செருகிவிடுவாள்.

திரும்பி வருகிற பயணம்தான் எனக்குப் பிடிக்காது. போகும்போது நெருக்கியடித்த வேனில், பெட்டியும் ஆளும் குறைந்து, இடம் கிடக்கும். "கால நீட்டிக்கினு படும்மா" என்பேன். "வேணாம்டா" என்று காலை மடக்கியே உட்கார்ந்திருப்பாள். தங்கையை அனுப்பிவிட்டு வந்த அன்று, நகரி தாண்டும்போது சொன்னாள்: "இனிமே என்ன அங்க கூப்டாத. கூப்டணும்னா, யாரும் போவாத நாளா பாத்து ஒருவாட்டி இட்டுக்கினு போ."

கேட்டுவிட்டாள். ஆனால் நாள்தான் வாய்க்கவில்லை. நைனா ஒரேயடியாக ஊர் திரும்பினார். அண்ணனுக்கு லீவு கிடைத்தால் தங்கைக்குக் கிடைக்காது. கடைசியில் என் பெண்ணின் காதுகுத்துக்குத்தான் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். அவர்கள் லீவு முடிய இன்னும் நாளிருந்தது. விட்டால் பிடிக்க முடியாது என்று, விசேஷம் முடிந்த மறுநாளே வேன் பேசிவிட்டேன்.

அம்மா நம்பவில்லை.

"யாருடா பொறப்படறது? மறைக்காம சொல்லு."

"யாரும் இல்லம்மா. சும்மாதான்."

என் பேச்சைக் காதில் வாங்காமல் அண்ணன் தலையைப் பார்த்தாள். தங்கை புருஷன் தலையைப் பார்த்தாள். கூட்டத்தில் மொட்டை என் பெண் ஒருத்திதான். அவளுக்கு இன்னும் நடக்கவே வராது. அப்புறம் வேனின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். புளிசாதத் தூக்கு இருந்தது, பெட்டி எதுவும் இல்லை. அதற்கு மேல்தான் ஏறினாள்.

கடற்கரையில் அவள் யார் கையையும் பிடிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் போய் நின்றாள். நான் எடுத்த படத்தில் அவள் முதுகுதான் விழுந்திருக்கிறது. "இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று அண்ணன் கத்தியும் திரும்பவில்லை. இத்தனை தரம் வந்தும் அவள் கடலைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொழுது சாய்ந்ததும் வேனில் ஏறினோம், வந்த அத்தனை பேரும். மடியில் பேத்தி தூங்க, ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தங்கையும் நெருக்க, அம்மா ஊர் வரும்வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்:

"கால நீட்டக்கூட எடமில்லியேடா, பாவிங்களா!"