தப்பான இடத்தில் பூத்த கள்ளி

கொச்சி மட்டாஞ்சேரி மழையில் கள்ளி வளர்க்கிறவனுக்குப் புத்தி எவ்வளவு என்பதற்கு என் மொட்டைமாடியே அத்தாட்சி. இருபது தொட்டி வைத்தேன், பதினேழு அழுகின. மிஞ்சியதில் செல்லப்பிள்ளை மாமில்லேரியா என்ற ஓர் உருண்டைக் கள்ளி.

பத்து நாள் ஊருக்குப் போக நேர்ந்தபோது அதைப் பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் ஒப்படைத்தேன். சுக்கு குடோனில் அவருக்கு வேலை. அங்கே ஈரம் அண்டாது, சன்னலில் வெயிலும் விழும். தினமும் காலையில் எனக்குச் சாயா அவர் வாசலில்தான்.

திரும்பி வந்தால் செடி பூத்திருந்தது. மஞ்சள் பூ, நட்ட நடு உச்சியில். எனக்குச் சுருக்கென்றது. மாமில்லேரியாவுக்கு உடம்பெல்லாம் குமிழ்கள். பூ அந்தக் குமிழ்களின் இடுக்கிலிருந்து, தலையைச் சுற்றி வளையமாக வரும். உச்சியில் பூப்பது அதன் பங்காளியான கோரிஃபாந்தா. அதன் குமிழ்களின் மேல் நகத்தால் கீறியதுபோல ஒரு கோடும் ஓடும். லென்ஸை வைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது.

ஆக, ஆளை மாற்றிவிட்டார்.

அதன்பின் எல்லாமே துப்பாகத் தெரிந்தது. சாயாவில் சர்க்கரை கூடியிருந்தது, குற்ற உணர்ச்சி. அவர் மனைவி சிரித்தார், உடந்தை.

“சேட்டா, இது என் செடியா?”

“பின்னே ஆரோடது? தொட்டி உங்களோடதல்லே?”

“தொட்டி என்னோடதுதான். உள்ளே குடியிருக்கிறது யாருன்னு கேக்கறேன்.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, பூக்காத செடியைத் திருடிட்டு, பூத்த செடியைத் திருப்பி வெக்க, அப்படியொரு மண்டன் கள்ளன் உண்டோ?”

நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வாசல் கதவு சாத்தியிருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை.

குற்றத்தை நிரூபிக்கவே போனில் பழைய படங்களைத் தேடினேன். ஒரு படத்தில் செடியின் ஒரு பக்கத்தில் தட்டையான தழும்பு. முன்பு ஒருநாள் கவனமில்லாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன், அதன் பலன். என் பக்கத்துத் தழும்பைக் காட்ட முடியாது. தொட்டியைத் திருப்பினேன். அதே தழும்பு, அதே இடம்.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். கோரிஃபாந்தாவுக்குச் சிறு வயதில் அந்தக் கோடு தெரியாது, வளர்ந்தால்தான் விழும். குழந்தைக்குப் பெயர் வைத்தவன் அப்புறம் அதன் முகத்தையே பார்க்கவில்லை.

பேனாவில் எழுதியிருந்த பழைய பெயர்ச்சீட்டைப் பிடுங்கிவிட்டு, புதிதாக எழுதிச் செருகி, தொட்டியோடு போய்க் கதவைத் தட்டினேன்.

“செடி என்னோடதுதான், சேட்டா. பேருதான் தப்பு. வெச்சது நான்.”

அவர் சீட்டை வெகுநேரம் பார்த்தார். “இந்தத் தடவை பேனாவா, பென்சிலா?”

“பென்சில்.”

“அது நன்னாயி. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கொண்டு வாங்க. குடோன் சன்னல் இப்பவும் அங்கேதான் உண்டு.”

சாயா வந்தது. சர்க்கரை குறைவாக இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.